கட்டளை எழுதிய கையும் காக்கத் தவறிய நாடும்

முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா பதவியைத் துறந்து நாட்டை விட்டுப் போனார். குருந்தூர்மலை முதல் கொக்குத்தொடுவாய் வரை அவர் கையாண்ட வழக்குகளும், அவர் போன பின் பதிலில்லாமல் கிடக்கும் கேள்விகளும்.

2023 செப்டெம்பர் 23ஆம் திகதியிட்ட ஒரு கடிதம் நீதிச் சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்குப் போனது. எழுதியவர் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா. உயிர் அச்சுறுத்தலும் கடும் மன அழுத்தமும் இருப்பதால் தான் வகித்த பதவிகள் அனைத்தையும் துறப்பதாக அதில் அறிவித்திருந்தார். மாவட்ட நீதிபதி, நீதவான், குடும்ப நீதிமன்ற நீதிபதி, சிறுவர் நீதிமன்ற நீதிபதி என்று ஒரே மனிதர் தாங்கியிருந்த பொறுப்புகள் அதில் வரிசையாக இருந்தன. மாத இறுதியில் கடிதம் வெளியே வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தபோது அவர் நாட்டில் இல்லை.

இலங்கையில் நீதிபதிகள் ஓய்வு பெறுவார்கள், இடமாற்றம் பெறுவார்கள், சிலர் வெளிநாட்டுப் பணிக்கும் போவார்கள். பதவியில் இருக்கும் நீதிபதி ஒருவர், தான் எழுதிய கட்டளைகளின் காரணமாக உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு நாட்டை விட்டே போவது வேறு விடயம். அது நடந்தது போரில் கடைசியாக எரிந்த மாவட்டத்தில். அதனால்தான் இந்தக் கதையை ஒரு தனி மனிதரின் பதவி விலகலாக எண்ணிக் கடந்துபோக முடியவில்லை.

கோட்டுப் படி ஏறும் சனம்

முல்லைத்தீவு போன்ற ஒரு மாவட்டத்தில் நீதிமன்றம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கட்டளையில் குறை கண்டால் நாலு தெரு தள்ளி மேல் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இருக்கின்றன. மூத்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், ஊடகங்கள் இருக்கின்றன. கொக்கிளாயிலோ தண்ணிமுறிப்பிலோ இருந்து பஸ் ஏறி வரும் ஒரு விவசாயிக்கு அந்த மாவட்ட நீதிமன்றம்தான் முதல் வாசல். பெரும்பாலும் கடைசி வாசலும் அதுவே. காணிப் பிணக்கு, பராமரிப்புக் காசு, கடற்றொழில் வழக்கு, பொலிஸ் பிடித்துக்கொண்டு போன மகனுக்குப் பிணை, எல்லாமே அந்த ஒரு மேசைக்குத்தான் வருகின்றன.

இந்த மண்ணில் நீதிமன்றங்களின் வரலாறும் நேர்கோடாக ஓடவில்லை. தொண்ணூறுகளில் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது அவர்களுடைய நீதிமன்றங்களும் சட்டக் கோவைகளும் இங்கே இயங்கின. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன் பிறகு இலங்கை அரசின் நீதித்துறை படிப்படியாக இங்கே மீண்டும் வேர் கொண்டது. இழப்பைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத சனம் கோட்டுப் படி ஏறியது. வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த கணவன்மார் எங்கே என்று கேட்டு மனைவிமார் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், அப்படிச் சரணடைந்தவர்களில் ஒருவரான எழிலன் உள்ளிட்டோரை முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. ஆட்கள் இன்னும் வரவில்லை. ஆனாலும் அரசின் நீதிமன்றமே அரசைப் பார்த்துக் கேள்வி கேட்டது என்பது அந்தப் பெண்களுக்குப் பெரிய விடயம். இந்த மண்ணில் நீதித்துறையின் மேல் துளிர்த்த நம்பிக்கை இப்படிப்பட்ட கட்டளைகளின் மேல்தான் நிற்கிறது.

ஒரு மலை, இரண்டு உரிமைக் கோரல்கள்

குமுளமுனைக்கும் தண்ணிமுறிப்புக் குளத்துக்கும் அருகில் காட்டுக்குள் இருக்கிறது குருந்தூர்மலை. அயல் கிராமங்களின் தமிழர்கள் அங்கே ஆதிசிவன் ஐயனாரைத் தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வந்தவர்கள். விளைச்சல் முடிந்ததும் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். அதே மலையில் பழைய பௌத்த இடிபாடுகளும் இருக்கின்றன. சிங்கள மரபு அதைக் குருந்தி விகாரை என்று அழைக்கிறது. பிரித்தானியர் காலத்திலேயே அது தொல்பொருள் பூமியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

ஒரு மலையில் பல காலத்தின் தடங்கள் இருப்பது இந்தத் தீவில் புதுமையான சங்கதி அல்ல. தமிழர்களிடையே பௌத்தம் தழைத்த காலமும் இருந்தது. அந்த இடிபாடுகளை அறிஞர்கள் பொறுமையாக ஆராய்ந்திருந்தால் இரு சமூகத்துக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கும். நடந்தது வேறு. 2021 ஜனவரியில் அப்போதைய இராஜாங்க அமைச்சர் விதுர விக்கிரமநாயக்க படையினர் சூழ அங்கே வந்து அகழ்வுப் பணியைத் தொடக்கி வைத்தார். புத்தர் சிலையும் கொண்டுவரப்பட்டது. தொடர்ந்து விகாரைக்கான கட்டுமானங்கள் எழுந்தன. வழிபட்ட மக்கள் மலைக்குப் போகவே தடைகள் வந்தன. சுற்றியுள்ள வயற்காணிகளும் தொல்பொருளின் பெயரால் எல்லைக்கல்லுக்குள் போகத் தொடங்கின.

இந்தக் காணி விவகாரம் எவ்வளவு பெரியதானது என்பதற்கு ஒரு சான்று போதும். 2023 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கூட்டிய கூட்டம் ஒன்றில் குருந்தூர்மலைக் காணியின் அளவு பற்றி வாக்குவாதம் எழுந்தது. சில நாட்களில் தொல்பொருள் பணிப்பாளர் நாயகம் அனுர மனதுங்க பதவி விலகினார். நாட்டின் தலைவரே அந்தக் காணிக் கோரலைக் கேள்வி கேட்டார் என்பது பதிவாகிய செய்தி.

இவ்வளவு கனமான பிணக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேசைக்கு வந்தது. வழக்கு இலக்கம் ஏஆர் 673/18.

மலையில் நின்ற நீதிபதி

2022 ஜூன் 12ஆம் திகதி புத்தர் சிலையைப் பிரதிஷ்டை செய்ய ஏற்பாடு நடந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜூலை மாதத்தில் நீதிபதி சரவணராஜா கட்டளையிட்டார். புதிய கட்டுமானங்கள் எதுவும் கூடாது, ஜூன் 12ஆம் திகதி மலை எந்த நிலையில் இருந்ததோ அதே நிலை பேணப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தமிழர்களுக்கு மலையைத் தூக்கிக் கொடுக்கும் கட்டளை அல்ல அது. யாருடையது என்ற கேள்வி தீரும்வரை யாரும் கல் வைக்காதீர்கள் என்று இரு தரப்புக்கும் சொன்ன கட்டளை. எந்தச் சிவில் நீதிமன்றமும் எந்தக் காணிப் பிணக்கிலும் முதலில் செய்வது அதைத்தான்.

பிறகும் கட்டுமானங்கள் வளர்கின்றன என்று சட்டத்தரணிகளும் முன்னாள் மாகாண சபை உறுப்பினர் துரைராசா ரவிகரன் போன்றவர்களும் திரும்பத் திரும்ப நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். 2023 ஜூலை 4ஆம் திகதி நீதிபதி நேரில் மலைக்குப் போனார். தொல்பொருள் அதிகாரிகள், பொலிஸார், பிக்குகள், சட்டத்தரணிகள், அரசியல்வாதிகள் எனப் பெருங்கூட்டம். அங்கே வந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் சரத் வீரசேகர நீதிபதியிடம் கருத்துச் சொல்ல முற்பட்டபோது, வழக்கில் தரப்பினர் அல்லாத ஒருவர் அங்கே பேசுவதற்கு நீதிபதி இடம் கொடுக்கவில்லை. வீரசேகர முன்னாள் அமைச்சர், முன்னாள் கடற்படை உயரதிகாரி, ஆளும் தரப்பின் பலம் பொருந்திய ஆள். எதிரில் நின்றவர் நாட்டின் கடைக்கோடி மாவட்டத்தின் நீதிபதி. மலையுச்சியில் நின்றாலும் நீதிபதி நிற்கும் இடம் நீதிமன்றம்தான் என்பதை அந்தக் கணம் காட்டியது.

சில நாட்களில் அதன் எதிரொலி நாடாளுமன்றத்தில் கேட்டது. இது சிங்கள பௌத்த நாடு என்பதைத் தமிழ் நீதிபதி மறந்துவிடக் கூடாது என்ற பொருளில் வீரசேகர அங்கே பேசினார். வடக்கின் சட்டத்தரணிகள் அந்தப் பேச்சைக் கண்டித்துப் பணிப் புறக்கணிப்பில் இறங்கினார்கள். தீர்ப்பில் பிழை இருந்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்காக மேலே நீதிமன்றங்கள் இருக்கின்றன. நீதிபதியின் இனத்தைச் சுட்டுவது மேன்முறையீடு ஆகாது. நாடாளுமன்றச் சிறப்புரிமைக்குள் நின்று பதில் பேச முடியாத ஒருவரைத் தாக்குவது வீரமும் ஆகாது.

ஜூலை நடுவில் மக்கள் பொங்கல் வைக்கப் போனபோது பொலிஸார் தடுத்தார்கள். தொல்பொருள் நிலத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகஸ்ட் 18ஆம் திகதி நிலைமை மாறியது. நீதிமன்றம் வழிபாட்டைத் தடுக்கவில்லை. தொல்பொருள் திணைக்களத்தின் நிபந்தனைகளுக்கு அமைய, வெறும் நிலத்தில் அடுப்பு மூட்டாமல் பொங்கல் நடந்தது. பானை பொங்கியது. கலவரம் எதுவும் வரவில்லை, இடிபாட்டில் ஒரு கல்லும் பெயரவில்லை. வழிபாடும் தொல்பொருளும் ஒரே மலையில் இருக்கலாம் என்பதற்கு அந்த ஒரு நாள் போதிய சாட்சி. ஆகஸ்ட் இறுதியில், முன்னைய கட்டளைகளை மீறியே கட்டுமானங்கள் நடந்திருக்கின்றன என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து நீதிபதி கடிதம் எழுதினார்.

குழாய்க் கிடங்கில் கிடந்த எலும்புகள்

அதே காலத்தில் அவர் கையில் இன்னொரு வழக்கும் இருந்தது. 2023 ஜூன் 29ஆம் திகதி கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க மண் வெட்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து உடுதுணிகளும் மனித எலும்புகளும் வந்தன. தகவல் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி இடத்தைப் பார்வையிட்டு, அதைப் பாதுகாக்கவும் முறைப்படி அகழவும் கட்டளையிட்டார். செப்டெம்பர் முதல் வாரத்தில் சட்ட வைத்திய அதிகாரிகளும் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையிலான தொல்லியலாளர்களும் வேலையைத் தொடங்கினார்கள். துப்பாக்கிக்குப் பயந்து வாழ்ந்த ஊரில், துணியையும் தகட்டையும் பல்லையும் ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எடுத்து வைக்கும் வேலை அது.

காணாமல் போனோரின் தாய்மார் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். தன் பிள்ளையின் எலும்பு இதில் இருக்கக் கூடாது என்று நேர்ந்துகொண்டே, இருந்தால் தெரிந்துவிட வேண்டும் என்றும் காத்திருக்கும் நிலையை அந்தத் தாய்மாரைத் தவிர வேறு யாரும் முழுதாக அறிய முடியாது. நீதிபதி நாட்டை விட்டுப் போன பின்னும் அகழ்வு நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்த நீதிபதியின் மேற்பார்வையில் தொடர்ந்து, 2024 ஜூலையில் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. நீதிமன்றம் ஒரு நிறுவனமாகத் தன் கடமையைத் தொடர்ந்தது என்பது ஆறுதல். அந்த 52 பேர் யார் என்ற கேள்விக்கு விடை வந்தால்தான் கடமை நிறைவேறும்.

சொன்னது என்ன, மறுத்தது என்ன

குருந்தூர்மலைக் கட்டளையை மாற்றும்படி தனக்கு அழுத்தம் தரப்பட்டதாகவும், செப்டெம்பர் 21ஆம் திகதி சட்டமா அதிபர் தன்னை அழைத்து அதுபற்றிப் பேசியதாகவும், தன் பொலிஸ் பாதுகாப்புக் குறைக்கப்பட்டுப் புலனாய்வாளர்களின் கண்காணிப்பு கூடியதாகவும் நீதிபதி சொன்னதாகச் செய்திகள் வந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அவரை எதிர்மனுதாரராகக் குறிப்பிட்டு வழக்குகளும் தாக்கலாகியிருந்தன. அரசு தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. விசாரணை நடத்துமாறு ஜனாதிபதி பணித்தார். இலங்கை சட்டத்தரணிகள் சங்கமும் கவலை தெரிவித்தது.

இரு தரப்பில் எது முழு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சஞ்சிகைக்கு அதிகாரம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது சுயாதீனமான விசாரணை. குற்றச்சாட்டுக்கு ஆளான தரப்பே விசாரணையையும் நடத்தினால் அதன் முடிவை வடக்கில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நீதிபதி சொன்னது உண்மையானால் குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும். உண்மையில்லை என்றால் அதுவும் ஆதாரத்தோடு வெளிவர வேண்டும். இரண்டுமில்லாமல் விடயம் ஆறிப்போவதுதான் நீதித்துறைக்குப் பெரிய கேடு.

மக்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள். வடக்கு கிழக்கின் சட்டத்தரணிகள் நீதிமன்றப் பணிகளைப் புறக்கணித்தார்கள். அக்டோபர் 4ஆம் திகதி மருதனார்மடத்தில் இருந்து யாழ் நகர் வரை மனிதச் சங்கிலி. அக்டோபர் 20ஆம் திகதி வடக்கு கிழக்கெங்கும் ஹர்த்தால். ஒரு மாவட்ட நீதிபதிக்காகக் கடைகள் கதவைச் சாத்தியது இந்த மண்ணில் புதிய காட்சி.

பழைய தழும்புகள்

இலங்கையில் நீதிபதிகள் மீதான மிரட்டல் தமிழ் நீதிபதிகளோடு தொடங்கவில்லை. 1983இல் பொலிஸாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற நீதியரசர்களின் கொழும்பு வீடுகளுக்கு முன்னால் குண்டர்கள் கூடிக் கூச்சலிட்டார்கள். 2004 நவம்பர் 19ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய, பணி முடித்து வீடு திரும்பிய வேளையில் மெய்ப்பாதுகாவலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள்ளும் இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2012 ஜூலையில் மன்னார் நீதிமன்ற வளாகத்தின் மீது கும்பல் ஒன்று கல்லெறிந்தது. நாடு முழுவதும் சட்டத்தரணிகள் பணியை நிறுத்தினார்கள். 2019 செப்டெம்பர் 23ஆம் திகதி செம்மலை நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளாகத்தில் பௌத்த பிக்கு ஒருவரின் உடல் தகனம் செய்யப்பட்டது. வேறோர் இடத்தில் தகனம் செய்யும்படி அன்றே முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. கலகொட அத்தே ஞானசார தேரர் உள்ளிட்ட பிக்குகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே செப்டெம்பர் 23ஆம் திகதியில் சரவணராஜாவின் பதவி விலகல் கடிதம். அன்று நீதிமன்றக் கட்டளையை மீறியவர்களுக்கு உடனே பதில் சொல்லப்பட்டிருந்தால் குருந்தூர்மலையில் கட்டளையை மீற யாருக்கும் துணிவு வந்திராது.

இந்தக் கதையை இனத்தின் கதையாக மட்டும் சுருக்கிவிடவும் கூடாது. 2017 ஜூலை 22ஆம் திகதி நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் சென்ற வேளை துப்பாக்கிச் சூடு நடந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலர், சிலாபத்தைச் சேர்ந்த சார்ஜன்ட் ஹேமச்சந்திர, உயிரிழந்தார். தமிழ் நீதிபதியைக் காத்து மாண்டவர் சிங்களப் பொலிஸ்காரர். அவர் மனைவியின் காலில் விழுந்து அழுத நீதிபதி, பிள்ளைகளின் பொறுப்பைத் தான் ஏற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் புங்குடுதீவு மாணவி வித்தியா வழக்கில், வவுனியா மேல் நீதிமன்ற நீதிபதி சசிமகேந்திரன் தலைமையில் இளஞ்செழியனும் பிரேம்சங்கரும் அமர்ந்த மூவர் ஆயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அஞ்சாத நீதிபதிகள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர்.

கறுப்புக் கோட்டுகள் வீதிக்கு வந்த நாடு

நீதிபதியை மிரட்டினால் ஒரு நாடு எப்படிப் பதில் சொல்லலாம் என்பதற்குப் பாகிஸ்தான் ஓர் உதாரணம். 2007 மார்ச் 9ஆம் திகதி இராணுவ ஆட்சியாளர் முஷாரப், பிரதம நீதியரசர் இப்திகார் சௌத்ரியை அழைத்துப் பதவி விலகச் சொன்னார். அவர் மறுத்தார், இடைநிறுத்தப்பட்டார். அந்த மாதப் பிற்பகுதியில் பதில் பிரதம நீதியரசராகப் பொறுப்பேற்றவர் ராணா பகவான்தாஸ். சிந்து மாகாணத்தில் 1942இல் பிறந்த இந்து. சட்டத்தோடு இஸ்லாமியக் கல்வியிலும் முதுகலைப் பட்டம் பெற்றவர். சிந்து மேல் நீதிமன்றத்தில் அவர் இருந்த காலத்தில், முஸ்லிம் அல்லாத ஒருவர் நீதிபதியாக இருக்க முடியாது என்று 1999இல் மனுவே போட்டுப் பார்த்தார்கள். அதைத் தாண்டி உச்சிக்கு வந்தவர். சௌத்ரியின் வழக்கை விசாரிக்கும் முழு ஆயத்தை அவர்தான் அமைத்தார். ஜூலை 20ஆம் திகதி சௌத்ரி மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டார்.

நவம்பர் 3ஆம் திகதி முஷாரப் அவசரகால நிலையை அறிவித்து நீதிபதிகளைப் புதிய உறுதிமொழி எடுக்கச் சொன்னபோது பகவான்தாஸ் எடுக்க மறுத்துப் பதவியை இழந்தார். ஆனால் பாகிஸ்தானின் சட்டத்தரணிகள் ஓயவில்லை. கறுப்புக் கோட்டுகளோடு அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். 2009 மார்ச்சில் சௌத்ரி திரும்பவும் பிரதம நீதியரசரானார். முஷாரப் அதற்கு முன்பே பதவி விலகியிருந்தார். பகவான்தாஸ் 2015இல் கராச்சியில் காலமானபோது, அவர் எந்த மதத்தவர் என்பதைவிட எதற்குத் தலை வணங்க மறுத்தார் என்பதே நினைவுகூரப்பட்டது.

அந்த வெற்றிக்குக் காரணம் லாகூர்ச் சட்டத்தரணியும் கராச்சிச் சட்டத்தரணியும் ஒன்றாக நின்றது. இங்கே மனிதச் சங்கிலி மருதனார்மடத்தில் தொடங்கி யாழ் நகரோடு முடிந்தது. அது காலியிலும் கண்டியிலும் நின்றிருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, எடுத்து நடத்துங்கள்

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அரசியலமைப்பின் 111சி உறுப்புரை, நீதிபதியின் கடமையில் தலையிடுவதைக் குற்றமாக்கி ஓராண்டு வரை சிறையும் விதிக்கிறது. 105(3) உறுப்புரை, எந்தக் கீழ் நீதிமன்றத்தை அவமதித்தாலும் தண்டிக்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. 2024இல் நீதிமன்ற அவமதிப்புக்குத் தனிச் சட்டமும் வந்தது. குறை சட்டத்தில் இல்லை, அதைக் கையில் எடுப்பதில்தான் இருக்கிறது.

மாவட்ட நீதிபதிகளையும் நீதவான்களையும் நியமிப்பது, இடம் மாற்றுவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது எல்லாம் பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச் சேவை ஆணைக்குழுவின் பொறுப்பு. தண்டிக்கும் அதிகாரம் யாரிடமோ, காக்கும் கடமையும் அவர்களிடமே. தொலைவான மாவட்டத்தில் சர்ச்சைக்குரிய வழக்கைக் கேட்கும் நீதிபதிக்கு அச்சுறுத்தல் வந்தால், அவர் கடிதம் எழுதும்வரை காத்திருக்காமல் ஆணைக்குழு தானாக முன்வர வேண்டும். நாடாளுமன்றத்தில் நீதிபதியின் இனத்தைக் கிளறும் உறுப்பினரைச் சபாநாயகர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றாமல் வேடிக்கை பார்க்கும் பொலிஸ் அதிகாரி அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

சரவணராஜா சொன்ன குற்றச்சாட்டுகள் மீது சுயாதீன விசாரணை நடத்தி அதன் முடிவை மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று ஜனாதிபதியையும் நீதிச் சேவை ஆணைக்குழுவையும் கேட்கிறோம். இதைத் தமிழர்கள் மட்டும் கேட்டால் போதாது. இன்று முல்லைத்தீவில் ஒரு கட்டளைக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் நாளை மாத்தறையில் எழுதப்படும் கட்டளைக்கும் பாதுகாப்பு இருக்காது. சிங்கள வாசகரும் சட்டத்தரணியும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கையாக ஏற்று எங்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டும்.